புண்ணுக்குக் காவல்! தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டு மாற்றும் நர்சுகள்

காலை மணி 10.

தமிழ்நாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இரண்டாவது மாடியில் ஒரு கண்ணாடிக் கதவு. "தீவிர சிகிச்சைப் பிரிவு. அனுமதி இன்றி உள்ளே வரக்கூடாது" என்று அதில் எழுதி இருக்கிறது.

கதவுக்கு வெளியே ஒரு பெரியவர் நிற்கிறார். வயது 60 இருக்கும். கையில் ஒரு துணிப்பை. பையில் ஒரு வேட்டி, ஒரு பிளாஸ்கு, மருந்துச் சீட்டுகள். ஐந்து நாட்களாக அவர் அங்கேதான் இருக்கிறார். இரவில் வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கிறார்.

உள்ளே படுத்திருப்பது அவருடைய மனைவி. வயது 54. ஊரில் இட்லிக் கடை நடத்துகிறவர். வயிற்று வலி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நாள் அடுப்படியில் நின்றார். மூன்றாம் நாள் சுருண்டு விழுந்துவிட்டார்.

குடலில் ஓட்டை!

நள்ளிரவில் ஆபரேஷன் நடந்தது. டாக்டர்கள் வயிற்றைத் திறந்தார்கள். குடலைத் தைத்தார்கள். உள்ளே பரவியிருந்த அழுக்கைக் கழுவினார்கள். மறுபடி மூடினார்கள். உயிர் தப்பியது.

ஆனால், நேற்று மாலையில் இருந்து காய்ச்சல்!

காய்ச்சலுக்குக் காரணம் என்ன? நெஞ்சில் சளியா? சிறுநீரில் கோளாறா? ரத்தக் குழாயில் ஏற்றியிருக்கும் ஊசியா? அல்லது வயிற்றில் போட்ட தையலா?

இரண்டு நாளைக்கு முன்பு கட்டு மாற்றியபோது புண் நன்றாக இருந்ததாம். இன்று மறுபடியும் கட்டு அவிழ்க்கிறார்கள். பதில் அந்தக் கட்டுக்கு அடியில் இருக்கலாம்.

டாக்டரும் பெரியவரும் சம்மதித்தார்கள். "பெயரை எழுதக் கூடாது. ஊரை எழுதக் கூடாது. எதையும் தொடக் கூடாது" என்று மூன்று நிபந்தனைகள். ஒப்புக்கொண்டேன். கை கழுவி, மேலங்கி மாட்டி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஓர் ஓரமாக நின்றேன்.

பேசாத நோயாளியிடம் பேச்சு

அந்த அம்மாளின் வாயில் குழாய். அதன் வழியாக ஓர் எந்திரம் மூச்சு விட வைக்கிறது. கழுத்தில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய், வயிற்றின் பக்கவாட்டில் ஒரு குழாய். தலைமாட்டில் ஒரு பெட்டி. அதில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டே இருக்கிறது. அது இதயத் துடிப்பு.

இந்த மாதிரி ஒரு பிரிவு உலகத்தில் தோன்றி இன்னும் 100 ஆண்டு ஆகவில்லை. 1952-ல் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. மூச்சு விட முடியாமல் பலர் செத்தார்கள். இப்சன் என்ற டாக்டர் ஒரு வழி சொன்னார். தொண்டையில் துளை போட்டுக் குழாய் செருகினார்கள். மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் கையால் பையை அழுத்தி, நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள்! அந்த அனுபவத்தில் இருந்து 1953-ல் அங்கே தனிப் பிரிவு பிறந்தது.

இப்போது கையால் அழுத்த வேண்டியதில்லை. எந்திரம் பார்த்துக்கொள்கிறது. ஆனால், கட்டு மாற்ற எந்திரம் கிடையாது. அதற்கு மனிதக் கை வேண்டும்.

2 நர்சுகள் வந்தார்கள். ஒருவர் மூத்தவர். மற்றவர் வேலைக்கு வந்து சில மாதமே ஆன இளம்பெண்.

மூத்த நர்சு குனிந்து, நோயாளியின் காது அருகே பேசினார்.

"அம்மா! நான்தான் வந்திருக்கிறேன். வயிற்றுக் கட்டை மாற்றப் போகிறோம். வலிக்காமல் இருக்க மருந்து போடுகிறேன். பயப்படாதீர்கள்."

நோயாளி அரை மயக்கத்தில் இருக்கிறார். கண் திறக்கவில்லை. பதில் இல்லை.

"கேட்குமா, சிஸ்டர்?" என்றேன்.

"கேட்கும் என்றுதான் நினைத்துப் பேச வேண்டும். சொல்லாமல் தொட்டால் யாராக இருந்தாலும் திடுக்கிடும் அல்லவா?" என்றார் அவர்.

ரத்தக் குழாய் வழியாக வலி மருந்து போட்டார். உடனே கட்டில் கை வைக்கவில்லை. மருந்து வேலை செய்யட்டும் என்று காத்திருந்தார். அந்த நேரத்தில் மற்றொரு வேலை நடந்தது. தொண்டைக் குழாயில் இருந்த சளியை உறிஞ்சி எடுத்தார்கள். கட்டு அவிழ்ந்திருக்கும்போது இருமல் வந்தால் வயிறு குலுங்கும். தையலுக்கு ஆபத்து!

திரையை இழுத்து மூடினார்கள். பக்கத்துப் படுக்கையில் விரிப்பு மாற்ற வந்த ஊழியரிடம், "கொஞ்சம் பொறுங்கள்" என்றார்கள். விரிப்பை உதறினால் தூசி பறக்கும். தூசியோடு கிருமியும் பறக்கும். படுக்கையை இடுப்பு உயரத்துக்கு உயர்த்தினார்கள். இல்லாவிட்டால் நர்சின் முதுகு ஒடிந்துவிடும்.

கைதான் முதல் எதிரி!

அடுத்து, கை.

மூத்த நர்சு வளையல், கடிகாரம் எதுவும் அணியவில்லை. நகம் ஒட்ட வெட்டி இருக்கிறது. சாராய மருந்தைக் கையில் ஊற்றினார். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டை விரல், நக நுனி என்று வரிசையாகத் தேய்த்தார். 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி.

இந்த ஒரு வேலைக்காக ஒருவர் வாழ்க்கையையே இழந்தார் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் செம்மல்வைஸ். ஹங்கேரி நாட்டுக்காரர். வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டர். அங்கே பிள்ளை பெற்ற தாய்மார்களில் 100-க்கு 10 பேருக்கு மேல் காய்ச்சல் கண்டு செத்த ஆண்டும் உண்டு. செம்மல்வைஸ் துருவித் துருவிப் பார்த்தார். டாக்டர்களும் மாணவர்களும் பிணத்தை அறுத்துவிட்டு, அதே கையோடு பிரசவம் பார்க்க வருவதைக் கண்டுபிடித்தார். 1847-ல், "குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டு உள்ளே வாருங்கள்" என்று உத்தரவு போட்டார். சாவு 100-க்கு 2-க்கும் கீழே இறங்கியது!

பாராட்டு கிடைத்ததா? இல்லை. "எங்கள் கை அழுக்கா?" என்று பெரிய டாக்டர்கள் சீறினார்கள். அவர் வேலை போயிற்று. மனம் உடைந்தார். கடைசியில் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, 1865 ஆகஸ்டு 13-ந் தேதி செத்தார். எதனால் செத்தார் தெரியுமா? காயத்தில் சீழ் பிடித்து, ரத்தம் கெட்டு! எந்தச் சாவைத் தடுக்கப் போராடினாரோ, அதே சாவு அவருக்கும் வந்தது.

கட்டு அவிழ்ந்தது

தள்ளுவண்டி வந்தது. அதன் மேல்தட்டை மருந்து போட்டுத் துடைத்தார்கள். கிருமி நீக்கிய பொட்டலத்தை இளம் நர்சு எடுத்தார். தேதி பார்த்தார். பொட்டலம் கிழியாமலும் நனையாமலும் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மூத்த நர்சு சாதாரணக் கையுறையை மாட்டினார். பழைய கட்டைத் தொட இது போதும்.

பிளாஸ்திரியைப் பிடுங்கி இழுக்கவில்லை. ஒரு கையால் தோலை அமுக்கிக்கொண்டு, மறு கையால் மெதுவாக உரித்தார். அடித்துணி ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தது. உப்பு நீரை ஊற்றி ஊற வைத்தார். ஏன் இந்தப் பொறுமை? பிடுங்கினால் வலி மட்டும் அல்ல, புதிதாக வளர்ந்த சதையும் கூடவே வந்துவிடும்!

இளம் நர்சின் கண் பச்சைக் கோட்டில் இருந்தது. "90... 92... 96..." என்று துடிப்பைச் சொல்லிக்கொண்டு இருந்தார். வாய் பேச முடியாதவரின் வலியை அந்த எண்தான் சொல்லும். எண் எகிறினால் வேலையை நிறுத்த வேண்டும்; மருந்து கூட்ட வேண்டும். நெற்றி சுருங்குகிறதா, கை இறுகுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கட்டு முழுவதும் வந்துவிட்டது. மூத்த நர்சு அதைத் தூக்கி எறியவில்லை. பிரித்துப் பார்த்தார். எவ்வளவு ஈரம்? என்ன நிறம்? என்ன வாடை?

கீழ்ப் பகுதியில் மஞ்சளாக ஒரு கறை!

இப்படி ஒரு கட்டை அவிழ்த்துப் பார்த்து உலகத்தையே மாற்றியவர் ஒருவர் உண்டு. அவர் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்தில் இருந்த டாக்டர் லிஸ்டர். 1865 ஆகஸ்டு 12-ந் தேதி. அதாவது, செம்மல்வைஸ் சாவதற்கு முதல் நாள்! 11 வயதுப் பையன் ஒருவனின் காலில் வண்டி ஏறிவிட்டது. எலும்பு முறிந்து, தோலும் கிழிந்துவிட்டது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட காலை வெட்டி எடுப்பதுதான் வழக்கம். லிஸ்டர் வெட்டவில்லை. கார்பாலிக் அமிலத்தில் துணியை நனைத்துக் கட்டினார். 4 நாள் கழித்து அவிழ்த்தார். சீழ் இல்லை! நாற்றம் இல்லை! பையன் பிழைத்தான், காலும் பிழைத்தது. 1867-ல் லிஸ்டர் தம் முறையை உலகத்துக்கு எழுதிச் சொன்னார்.

கிருமிதான் எதிரி என்று டாக்டர்கள் நம்பத் தொடங்கியது அதன் பிறகுதான்.

சிவப்பு!

இங்கே நம் இட்லிக் கடை அம்மாளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

தொப்புளுக்கு மேலே இருந்து கீழே வரை நீளத் தையல். மேல் பாகம் நன்றாக இருந்தது. விளிம்புகள் ஒட்டிக்கொண்டு, காய்ந்து, சுத்தமாக இருந்தன. கீழே, 3 தையல் அளவுக்குத் தோல் சிவந்து, வீங்கி, பளபளத்தது. புறங்கையை அருகில் வைத்துப் பார்த்த நர்சு, "சூடாக இருக்கிறது" என்றார். ஒரு தையலின் ஓரத்தில் சீழ் எட்டிப் பார்த்தது.

காய்ச்சலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது!

"டாக்டரைக் கூப்பிடும்மா" என்றார் மூத்தவர். குரல் உயரவில்லை. இளம் நர்சு போனில் சொன்னார்: "5-ம் நாள். காய்ச்சல் 101. தையலின் கீழ்ப் பாகம் சிவப்பு, வீக்கம், சீழ். மேல் பாகம் நன்றாக இருக்கிறது." நாலே வாக்கியம். டாக்டருக்கு வேண்டியது எல்லாம் அதில் இருந்தது.

அவர் வருவதற்குள் புண்ணைத் திறந்து போட்டுவிடவில்லை. கிருமி நீக்கிய துணியால் மூடி வைத்தார்கள்.

காதல் தந்த கையுறை

டாக்டர் வந்தார். இனி நடப்பதற்கு வேறு கையுறை வேண்டும். பழைய கட்டைத் தொட்ட கையுறையைக் கழற்றி எறிந்தார் நர்சு. மறுபடியும் கைக்குச் சாராய மருந்து. பிறகு, கிருமி நீக்கிய கையுறை.

"கையுறை போட்டிருந்தீர்களே, மறுபடி கை கழுவுவானேன்?" என்று கேட்டேன்.

"கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம். கழற்றும்போது கை அழுக்காகலாம். கையுறை போட்டுவிட்டோம் என்ற தைரியம்தான் ஆபத்து" என்றார்.

இந்தக் கையுறைக்குப் பின்னால் ஒரு காதல் கதை உண்டு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி. ஹால்ஸ்டெட் என்பவர் அங்கே பெரிய ஆபரேஷன் டாக்டர். கரோலின் ஹாம்டன் அவருடைய நர்சு. கிருமியைக் கொல்ல அப்போது பாதரசம் கலந்த மருந்தில் கை நனைப்பார்கள். கரோலினின் கை வெந்து புண்ணாகிவிட்டது. ஹால்ஸ்டெட்டுக்கு மனம் பொறுக்கவில்லை. ரப்பர் கம்பெனி ஒன்றுக்கு எழுதி, மெல்லிய கையுறை செய்யச் சொன்னார். 1889-90-ம் ஆண்டுக் குளிர் காலத்தில் அது வந்து சேர்ந்தது. 1890-ல் இருவருக்கும் திருமணம்! நர்சின் கையைக் காப்பாற்ற வந்த கையுறை, பிறகு நோயாளியின் உயிரைக் காப்பாற்றத் தொடங்கியது.

உள்ளே கெட்டியா?

டாக்டர் கீழ்ப் பாகத்தில் 3 தையலை வெட்டினார். சீழ் வெளியே வந்தது. முதலில் வந்ததை ஓர் ஊசிக் குழலில் உறிஞ்சி, சிறு குப்பியில் அடைத்தார்கள். சோதனைச் சாலைக்கு! எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று அங்கே வளர்த்துப் பார்ப்பார்கள். முடிவு தெரிய 2, 3 நாள் ஆகும்.

இப்போது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற கட்டம் வந்தது.

வயிற்றில் தையல் ஒரு படி மட்டும் போடுவது இல்லை. தோலுக்கு அடியில், தசையை மூடும் கெட்டியான உறை ஒன்று இருக்கிறது. அதிலும் தையல் உண்டு. தோல் தையல் விட்டால் பெரிய ஆபத்து இல்லை. உள் தையல் விட்டால் வயிறே திறந்துகொள்ளும்! மறுபடி ஆபரேஷன் மேஜைக்குத்தான் ஓட வேண்டும். 5 நாளாக எந்திரத்தில் மூச்சு விடும் அம்மாள் அதைத் தாங்குவாரா?

டாக்டர் கையுறை போட்ட விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். ஒரு நிமிடம் போயிற்று.

"உள்ளே கெட்டியாக இருக்கிறது, சிஸ்டர்."

அந்த அறையில் முதல் தடவையாக எல்லாருடைய தோளும் இறங்கியது.

ஒரு பஞ்சு, ஒரு துடைப்பு

பிறகு, கழுவும் வேலை. மூத்த நர்சு இளையவருக்குச் சொல்லிக்கொண்டே செய்தார்.

"சுத்தமான இடத்தில் தொடங்கு. அழுக்கான இடத்தில் முடி. ஒரு பஞ்சு, ஒரு துடைப்பு. திரும்ப அதே பஞ்சை வைக்காதே."

மேலே நன்றாக இருக்கும் தையலை முதலில் துடைத்தார். ஒவ்வொரு துடைப்புக்கும் புதுப் பஞ்சு. திறந்த இடத்தை உப்பு நீரால் கழுவினார். "அம்மா, இப்போது ஜில்லென்று இருக்கும்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். பக்கத்தில் இருக்கும் வடிகுழாய்க்கு வேறு பஞ்சு. அதன் கிருமி இங்கே வரக் கூடாது. இதன் கிருமி அங்கே போகக் கூடாது.

உப்பு நீர் என்றால் வீட்டு உப்பு கரைத்த நீர் அல்ல. 100 மில்லி லிட்டர் நீருக்கு 0.9 கிராம் உப்பு என்ற அளவில், கிருமி நீக்கித் தயாரித்தது.

திறந்த குழியைக் காற்றாட விட்டுவிடுவார்களா? இல்லை. உப்பு நீரில் நனைத்துப் பிழிந்த வலைத்துணியை உள்ளே லேசாக வைத்தார்கள். திணிக்கவில்லை. திணித்தால் ரத்த ஓட்டம் தடைப்படும். ஒரே நீளத் துணி. அதன் நுனி வெளியே தெரியும்படி விட்டார்கள். "உள்ளே வைத்தது 1" என்று ஏட்டில் எழுதினார்கள். அடுத்த தடவை 1 வெளியே வர வேண்டும். வராவிட்டால் தேட வேண்டும்!

"புண் காய்ந்தால்தான் ஆறும்" என்று நம் வீடுகளில் சொல்கிறோம். 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் இதைப் பன்றித் தோலில் சோதித்துப் பார்த்தார். ஈரம் காக்கும் உறையால் மூடிய புண், காற்றில் காய விட்ட புண்ணைவிட வேகமாக ஆறியது. புதுத் தோல் ஈரத்தில் எளிதாக நகர்ந்து மூடுகிறது. பொருக்கு கட்டினால் அதற்கு வழி கிடைப்பது இல்லை. சொட்டச் சொட்ட நனைவதும் கெடுதி. வறண்டு போவதும் கெடுதி. அளவான ஈரம் வேண்டும்.

மேலே தடித்த பஞ்சுப் பட்டை. அதன் மேல் பிளாஸ்திரி. பிளாஸ்திரியின் மேல் தேதியும் மணியும். வேலை முடிந்தது.

மணியைப் பார்த்தேன். 10-50!

மஞ்சள் பை, சிவப்புப் பை

அழுக்குத் துணியையும் பஞ்சையும் மஞ்சள் பையில் போட்டார்கள். கையுறையையும் பிளாஸ்டிக் குழலையும் சிவப்புப் பையில் போட்டார்கள். ஊசியும் கத்தியும் வெள்ளைப் பெட்டியில் விழுந்தன. 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிப்படி இந்தியா முழுவதும் இதே நிறங்கள். இதைக் கலந்துவிட்டால், குப்பை அள்ளும் ஏழைத் தொழிலாளியின் கையில் ஊசி குத்தும். ஒரு நோயாளியைக் காப்பாற்றிவிட்டு மற்றொரு நோயாளியை உண்டாக்கலாமா?

பழைய கதை, பழைய காவல்

புண்ணுக்குக் காவல் இருப்பது நம் நாட்டுக்குப் புதிது அல்ல. போரில் காயம்பட்ட வீரனைப் பெண்கள் எப்படிக் காத்தார்கள் என்று புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. வீட்டில் வேப்பிலை செருகினார்கள். வெண்கடுகைத் தூவினார்கள். மணி அடித்தார்கள். பண் பாடினார்கள். பஞ்சு இன்னும் எடுக்காத புண்ணோடு இருக்கும் வீரர்களையும் அதே நூலில் பார்க்கலாம்.

அன்று மருந்து குறைவு. கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால், காயம்பட்டவனைத் தனியே விடக் கூடாது, அவன் காதில் நல்ல ஒலி விழ வேண்டும் என்பது தெரிந்திருந்தது. நர்சு அந்த அம்மாளின் காதில் பேசியபோது எனக்கு அந்தப் பெண்கள் ஞாபகம்தான் வந்தது.

கதவுக்கு வெளியே

டாக்டர் வெளியே வந்தார். பெரியவர் எழுந்து நின்றார். தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பெரியவரே! தையலில் கொஞ்சம் சீழ் பிடித்திருக்கிறது. திறந்து எடுத்துவிட்டோம். உள் தையல் நன்றாக இருக்கிறது. இனி தினம் 2 தடவை கட்டு மாற்றுவோம். ஆற நாளாகும்."

"சீழா? யார் தப்பு ஐயா?" என்றார் பெரியவர்.

கேள்வி நியாயமானது. டாக்டர் கோபிக்கவில்லை.

"குடல் ஓட்டையாகி அழுக்கு வயிற்றுக்குள் பரவிவிட்டது. அந்த மாதிரி ஆபரேஷனில் சீழ் பிடிக்க வாய்ப்பு அதிகம். அவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது. இன்று பார்த்தது நல்லதாகப் போயிற்று. பார்க்காமல் விட்டிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும்."

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்கட்டுமா?" என்றார்.

"போங்கள். கை கழுவிவிட்டுப் போங்கள். தலையைத் தடவலாம். கையைப் பிடிக்கலாம். கட்டைத் தொடக் கூடாது."

வீட்டுக்கு வந்த பிறகு

வாசகர்களே! ஆபரேஷன் ஆகி வீடு திரும்பும் ஒவ்வொருவர் வீட்டிலும் இந்தக் காவல் தொடர வேண்டும். ஆபரேஷன் முடிந்து 30 நாள் வரையில்கூடச் சீழ் பிடிக்கலாம். உடலுக்குள் உலோகத் தகடு, செயற்கை மூட்டு வைத்திருந்தால் 90 நாள் வரை கவனம் வேண்டும். மூத்த நர்சு சொன்ன புத்திமதிகள் இவை:

"புண்ணில் மஞ்சள் தூள், காப்பித் தூள், சாம்பல், பச்சிலை எதையும் போடாதீர்கள். மஞ்சள் குழம்பில் நல்லது. கடையில் வாங்கிய தூளில் கிருமி இருக்கும். அது தையலுக்குள் போனால் வம்பு.

"கட்டைத் தொடுவதற்கு முன்பும் தொட்ட பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கட்டு நனைந்தாலோ கழன்றாலோ மாற்ற வேண்டும். பார்க்க வருகிறவர்களுக்கு எல்லாம் திறந்து காட்டாதீர்கள்.

"பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள். 'முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், பருப்பு கூடாது' என்பது எல்லாம் தப்பு. புதுச் சதை வளர முட்டை, மீன், பருப்பு, பால், கீரை வேண்டும். டாக்டர் தடுத்தால் மட்டும் நிறுத்துங்கள்.

"சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுப்படுத்துங்கள். பீடி, சிகரெட்டை விடுங்கள். புகை, புண்ணுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும்."

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது? காய்ச்சல் வந்தால், சிவப்பு பரவினால், வீக்கமும் வலியும் குறையாமல் கூடினால், சீழோ நாற்றமோ வந்தால், தையல் விட்டால். வயிற்று ஆபரேஷன் ஆனவருக்குக் கட்டு திடீரென்று இளஞ்சிவப்பு நீரில் நனைந்தால், அது உள் தையல் விடுவதன் அறிகுறியாக இருக்கலாம். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள்! சுத்தமான ஈரத்துணியால் மூடி, முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து, 108-க்குப் போன் செய்யுங்கள். சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.

11 நாள் கழித்து

11 நாள் கழித்து மறுபடி அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாள் சாதாரண வார்டுக்கு மாறி இருந்தார். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டு இருந்தார். காய்ச்சல் இல்லை. குழியில் சிவப்பாகப் புதுச் சதை வளர்ந்து மேலே வருகிறதாம்.

"உள்ளே இருந்தது ஏதாவது ஞாபகம் இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டேன்.

"ஒன்றும் தெரியாது, தம்பி. பகலா இரவா தெரியாது. யாரோ ஒரு பெண், 'அம்மா, இப்போது ஜில்லென்று இருக்கும்' என்று சொல்லுவாள். சொன்னபடியே ஜில்லென்று இருக்கும். அவள் குரல் கேட்டால் வயிற்றுக் கட்டுதான் என்று தெரிந்துகொள்வேன். முகம் பார்த்தது இல்லை."

அன்று மாலை, வேலை முடிந்து போகும் வழியில் மூத்த நர்சு வார்டுக்குள் வந்தார். "அம்மா, எப்படி இருக்கிறீர்கள்?" என்றார்.

அம்மாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"நீதானா அது!" என்று கையை நீட்டினார். நர்சு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஊருக்கு வாம்மா. நம் கடையில் இட்லி சாப்பிடு. காசு வாங்க மாட்டேன்."

பெரியவருக்கு ஒரே சந்தோஷம். "தம்பி, புண் எப்படி ஆறி இருக்கிறது என்று பாருங்கள்!" என்று எனக்குக் காட்டுவதற்காகக் கட்டின் ஓரத்தைத் தூக்கப் போனார்.

"ஐயா! கை!" என்று ஓர் அதட்டல் போட்டார் நர்சு.

பெரியவர் அசடு வழியச் சிரித்தார். எழுந்து போய், சோப்பை எடுத்தார்.